ஐந்து பாயிண்ட் வித்தியாசம்

டென்னிஸ் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் உங்களில் பாதிப் பேர் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள் என்று தெரியும். கொஞ்சம் பொறுங்கள். டென்னிஸில் ஸ்கோர் எப்படிப் போடுகிறார்கள் என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளையின் ரேங்க் கார்டில் என்றாவது கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா? அது போதும்.

2008-ஆம் வருஷத்து ஆண்கள் டென்னிஸ் என்றால் எல்லோரும் ஒரே ஓர் ஆட்டத்தைத்தான் சொல்வார்கள். ஜூலை 6, விம்பிள்டன் ஃபைனல். ஃபெடரர், நடால், மழை, இருட்டு, ஐந்து செட். அதைப் பற்றிப் புத்தகம் வந்தாயிற்று, டாகுமெண்டரி வந்தாயிற்று. ‘இதுவரை ஆடியதிலேயே சிறந்த ஆட்டம்’ என்று பெரியவர்கள் சர்டிஃபிகேட் கொடுத்தாயிற்று. எனக்கு அதில் சண்டை இல்லை. ஆனால் ஒரு வருஷத்தை ஓர் ஆட்டத்தில் அடைத்துவிட்டால் சில விஷயங்கள் வெளியே விழுந்துவிடுகின்றன. அவற்றைப் பொறுக்கி எடுக்கத்தான் இந்த வாரம்.

அந்த வருஷம் விம்பிள்டனில் ஆரம்பிக்கவில்லை. நுங்கம்பாக்கத்தில் ஆரம்பித்தது.

ஜனவரி முதல் வாரம். சென்னை ஓப்பன். சனிக்கிழமை, ஐந்தாம் தேதி செமி ஃபைனலில் ரஃபேல் நடாலும் கார்லோஸ் மோயாவும் மோதினார்கள். இருவரும் மயோர்கா தீவுக்காரர்கள். மோயா பத்து வயது மூத்தவர். நடால் சின்னப் பையனாக இருந்த காலத்திலிருந்தே அண்ணன் மாதிரி கூட ஆடி வளர்த்தவர். சென்னையில் ஏற்கெனவே இரண்டு முறை கோப்பை வாங்கியவர் வேறு. அண்ணன் தம்பி சண்டை சீக்கிரம் முடியாது என்பது நமக்குத் தெரியாதா என்ன? 6-7, 7-6, 7-6. மூன்று செட் ஆட்டம், 3 மணி 54 நிமிஷம். கையை விட்டுப் போய்விட்ட ஆட்டத்தை, மேட்ச் பாயிண்ட்டுகளைத் தப்பித்துத் தப்பித்து நடால் ஜெயித்தார். கேலரி எழுந்து நின்று கத்தியது.

மறுநாள் ஃபைனல். எதிரே ரஷ்யாவின் மிகைல் யூஷ்னி. ஸ்கோர் 6-0, 6-1. ஜெயித்தது யூஷ்னி. தப்பாக அச்சடித்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். உலகத்தின் இரண்டாம் நம்பர் ஆட்டக்காரர் அன்று மொத்தம் ஒரே ஒரு கேம்தான் எடுத்தார். முந்தின நாள் எட்டி எட்டிப் பிடித்த பந்துகளை, அன்று நின்ற இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். கால் வரவில்லை.

கேலரியில் எனக்குப் பக்கத்தில் ஒருவர், மனைவி, இரண்டு குழந்தைகள், சிப்ஸ் பாக்கெட் சகிதமாக வந்திருந்தார். முதல் செட் முடிந்ததும் சலித்துக்கொண்டார்.

“இன்னா சார் இது, துட்டு குடுத்து வந்தா ஆடவே மாட்றான்?”

“நேத்து நாலு மணி நேரம் ஆடினான் சார்” என்றேன்.

“நேத்து ஆடினது நேத்து வந்தவனுக்கு. இன்னிக்கு டிக்கெட்டுக்கு இன்னிக்கு ஆடணும்ல?”

நியாயமாகத்தான் பட்டது. நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்குக் கடைசியில் வருகிறேன்.

இனி வருஷத்தின் மற்றப் பகுதி. சென்னையிலிருந்து எல்லோரும் மெல்போர்ன் போனார்கள். ஆஸ்திரேலியன் ஓப்பன் செமி ஃபைனலில் ஜோ-வில்ஃப்ரீட் சோங்கா என்கிற பிரெஞ்சுக்காரர், சீடிங் பட்டியலில் இடமே இல்லாமல் உள்ளே வந்தவர், நடாலை 6-2, 6-3, 6-2 என்று துடைத்துப் போட்டார். இன்னொரு செமி ஃபைனலில் நோவாக் ஜோகோவிச் ஃபெடரரை நேர் செட்களில் ஜெயித்தார். அதற்கு முன்னால் தொடர்ந்து பத்து கிராண்ட் ஸ்லாம் ஃபைனல்களில் ஆடியவர் ஃபெடரர். பதினோராவதில் இல்லை. ஜோகோவிச் கோப்பையை வாங்கினார். அப்போது அவருக்கு இருபது வயது.

உடனே பேனாக்கள் கிளம்பின. ‘ஃபெடரர் அவ்வளவுதான்’, ‘சூரியன் மறைகிறது’ ரகத் தலைப்புகள். மார்ச் மாதம் ஃபெடரரே சொன்னார், தனக்கு மோனோநியூக்ளியோசிஸ் வந்திருந்தது என்று. வாயில் நுழையாத பெயர்தான். ஆளை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் அசத்திப் போட்டுவிடும் வைரஸ் ஜுரம். சாதாரண ஆசாமி ஆபீஸுக்கு மெடிக்கல் லீவு போட்டுவிட்டு ரசம் சாதம் சாப்பிட்டுப் படுத்துக்கொள்வான். இவர் அந்த உடம்போடு செமி ஃபைனல் வரை வந்ததற்குத்தான் ‘வீழ்ச்சி’ என்று பெயர் வைத்திருந்தோம்.

‘வீழ்ச்சி’ வருஷத்தின் கணக்கைப் பாருங்கள். நான்கு கிராண்ட் ஸ்லாம்களில் ஃபெடரர் எடுத்தது: ஒரு செமி ஃபைனல், இரண்டு ஃபைனல், ஒரு கோப்பை. நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்கள் ஆயுசு முழுக்க ஆடியும் இதில் கால்வாசி கிடைக்காமல் ரிட்டயர் ஆகிறார்கள். எப்போதும் சென்டம் வாங்குகிற பையன் 96 வாங்கினால் வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிடுமே, அந்தக் கதைதான்.

ஏப்ரல் வந்தது. ஐரோப்பாவில் களிமண் தரை சீசன். அந்த வருஷம் பீஜிங் ஒலிம்பிக்ஸுக்கு இடம் விட வேண்டும் என்பதற்காகக் காலண்டரை நெருக்கிவிட்டார்கள். மான்டி கார்லோ, பார்சிலோனா, ரோம், ஹாம்பர்க் என்று நான்கு வாரம், நான்கு ஊர், மூச்சுவிட நேரமில்லை. நடால் அதில் மூன்றை ஜெயித்தார். ரோமில் மட்டும் காலில் கொப்புளத்தோடு ஆடி, ஃபெரேரோவிடம் தோற்றார். மான்டி கார்லோ, ஹாம்பர்க் இரண்டு ஃபைனல்களிலும் எதிரே நின்றது ஃபெடரர்தான்.

பிறகு பாரிஸ். பிரெஞ்சு ஓப்பனில் நடால் ஒரு செட்கூட விடவில்லை. ஃபைனலில் ஃபெடரரை 6-1, 6-3, 6-0 என்று தோற்கடித்தார். உலகின் முதல் நம்பர் ஆட்டக்காரர் வாங்கியது நான்கு கேம். பார்க்கவே சங்கடமாக இருந்தது. தொடர்ந்து நான்காவது பிரெஞ்சு ஓப்பன். போர்க்குக்குப் பிறகு யாரும் செய்யாதது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை லண்டனில், குவீன்ஸ் கிளப்பின் புல்தரையில் ஜோகோவிச்சை ஜெயித்து இன்னொரு கோப்பை. களிமண்ணிலிருந்து புல்லுக்கு மாறுவது பரதநாட்டியக்காரரை ஒரு வாரத்தில் கதக் ஆடச் சொல்வது மாதிரி. சறுக்கிக்கொண்டே பந்துக்குப் போகிறவன் அங்கே சறுக்கினால் விழுவான்.

இப்போது அந்த ஜூலை 6.

நம்மூரில் மணி மாலை ஏழு தாண்டியிருந்தது. மழையால் தாமதமாக ஆரம்பித்தார்கள். ஃபெடரர் அதுவரை புல்தரையில் தொடர்ந்து 65 ஆட்டம் ஜெயித்திருந்தார். ஐந்து வருஷமாக விம்பிள்டன் அவர் வீட்டு ஹால். 2006, 2007 இரண்டு ஃபைனலிலும் நடாலைத் தோற்கடித்து அனுப்பியவர். 2007-ல் ஐந்து செட் ஆடித் தோற்றபின் குளியலறையில் உட்கார்ந்து அழுததாக நடால் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

என் வீட்டில் அன்று இரண்டே பார்வையாளர்கள். நான் ஃபெடரர் கட்சி. பக்கத்து ஃப்ளாட் பையன் நடால் கட்சி. பிளஸ் டூ முடித்துவிட்டு இன்ஜினீயரிங் கவுன்சலிங்குக்குக் காத்துக்கொண்டிருந்தான். அவன் வீட்டு டி.வி.யில் அம்மா சீரியல் பார்ப்பதால் என்னிடம் அகதி.

முதல் இரண்டு செட் நடாலுக்கு, 6-4, 6-4. பையன் குதித்தான். மூன்றாவது செட்டில் மழை. எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். திரும்பி வந்து டை பிரேக்கரில் ஃபெடரர் அந்த செட்டை எடுத்தார். நான்காவது செட்டும் டை பிரேக்கர். நடால் 5-2 முன்னிலை, கையில் இரண்டு சர்வ். அங்கே ஒரு டபுள் ஃபால்ட். கை நடுங்கியது டி.வி.யிலேயே தெரிந்தது. அப்புறமும் இரண்டு மேட்ச் பாயிண்ட் வந்தது. இரண்டாவதை ஃபெடரர் கோட்டை ஒட்டி ஒரு பேக்ஹாண்ட் அடித்துக் காப்பாற்றினார். பையன் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். 10-8 என்று செட் ஃபெடரருக்கு.

ஐந்தாவது செட் 2-2-ல் மறுபடி மழை. நம்மூரில் நள்ளிரவு தாண்டிவிட்டது. “அங்கிள், சவுண்ட கொறைங்க, அம்மா முழிச்சுண்டா வந்து இழுத்துண்டு போயிடுவா” என்றான். ஊமைப் படமாகப் பார்த்தோம். அங்கே இருட்டிக்கொண்டு வந்தது. 7-7-ல் நடால் ஃபெடரரின் சர்வை முறித்தார். அடுத்த கேமில், தன் நான்காவது மேட்ச் பாயிண்ட்டில், ஃபெடரர் அடித்த ஃபோர்ஹாண்ட் வலையில் விழுந்தது. 9-7. நான்கு மணி 48 நிமிஷம். நம் கடிகாரத்தில் ராத்திரி ஒன்றே முக்கால்.

ஸ்கோர் கார்டு வந்தது. மொத்தப் பாயிண்ட்டுகள் 413. நடால் 209, ஃபெடரர் 204.

பையன் கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். “அஞ்சே பாயிண்ட்டா அங்கிள்?”

“அஞ்சே.”

“அரை மார்க்ல எனக்கு முன்னாடி எத்தனை பேர் போயிட்டாங்க தெரியுமா? கட் ஆஃப் அதான் இடிக்குது.”

தன் கட்சி ஜெயித்த சந்தோஷத்தில் இருக்க வேண்டியவன் சொன்னது இது. அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இத்தனை வருஷம் யோசித்து இப்போது எழுதுகிறேன்.

டென்னிஸ் ஸ்கோர் போடுகிற முறை விசித்திரமானது. எல்லாப் பாயிண்ட்டும் சமம் அல்ல. வெட்டியாக 40-0 என்று இருக்கும்போது எடுத்த பாயிண்ட்டும், 8-7 மேட்ச் பாயிண்ட்டில் எடுத்த பாயிண்ட்டும் காகிதத்தில் ஒன்றுதான், பலன் வேறு. அன்றைய ஃபைனலில் எதிராளியின் சர்வை முறிக்க ஃபெடரருக்குப் பதிமூன்று வாய்ப்பு வந்தது. ஒன்றைத்தான் எடுத்தார். நடாலுக்கும் பதிமூன்று வாய்ப்பு. நான்கை எடுத்தார். ஆட்டம் அங்கே முடிந்துவிட்டது என்று நிபுணர்கள் சொல்வார்கள். இருக்கலாம்.

ஆனால் இன்னொரு ஃபைனலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2019 விம்பிள்டன். 38 வயதை நெருங்கிக்கொண்டிருந்த அதே ஃபெடரர், எதிரே ஜோகோவிச். அதுவும் ஐந்து செட். ஃபெடரர் 218 பாயிண்ட், ஜோகோவிச் 204. ஜெயித்தது யார்? ஜோகோவிச். பதினாலு பாயிண்ட் அதிகம் எடுத்தவர், கையில் இரண்டு மேட்ச் பாயிண்ட் வைத்திருந்தவர், தட்டு வாங்கிக்கொண்டு போனார். 2008-ல் தோற்கிறவனின் எண் 204. 2019-ல் ஜெயிக்கிறவனின் எண்ணும் 204. அப்படியானால் இந்த எண் என்னத்தை அளக்கிறது?

இன்னொன்று. அன்று 9-7 என்று முடிந்த ஐந்தாவது செட் இனிமேல் வராது. 2022-லிருந்து நான்கு கிராண்ட் ஸ்லாம்களிலும் ஐந்தாவது செட் 6-6 ஆனால் பத்து பாயிண்ட் டை பிரேக்கர். சென்டர் கோர்ட்டுக்கு 2009-லேயே மூடும் கூரை வந்துவிட்டது. மழைக்காக இரண்டு தடவை உள்ளே போக வேண்டாம், இருட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். அதே இரண்டு பேர், அதே நாள், இன்றைய விதி, இன்றைய கூரை என்றால் வேறு யாராவதுகூட ஜெயித்திருக்கலாம். நாம் ‘மன உறுதி’ என்று காவியம் பாடியதில் பாதி, மேகமும் ரூல் புத்தகமும்.

இதைச் சொன்னால் நடால் ரசிகர்கள் அடிக்க வருவார்கள். நடால் ஜெயித்தது அதிர்ஷ்டம் என்று சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் அவ்வளவு பெரிய இடைவெளி இல்லை என்கிறேன். அந்த ஒரு சாண் இடைவெளிக்குள் சக்கரவர்த்தி, வீழ்ச்சி, யுகமாற்றம் எல்லாவற்றையும் திணித்தது நாம்தான்.

இப்போது ரேங்க் கார்டுக்கு வருவோம்.

விம்பிள்டன் ஜெயித்த மறுநாள் நடால் முதல் நம்பர் ஆகியிருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. டென்னிஸ் ரேங்க் நம் வங்கி பாஸ் புத்தகம் மாதிரி. கடைசி 52 வாரத்தில் சேர்த்த பாயிண்ட்டுகள்தான் இருப்பு. போன வருஷம் இதே போட்டியில் வாங்கியது இந்த வருஷம் கழிந்துவிடும். அப்போதைய கணக்கில் விம்பிள்டன் கோப்பைக்கு 1000, ஃபைனலில் தோற்றவருக்கு 700. போன வருஷம் நடாலுக்கு 700 இருந்தது. அது போய் 1000 வந்தது. ஆக லாபம் 300. ஃபெடரருக்கு 1000 போய் 700 வந்தது. நஷ்டம் 300. உலகமே ஆர்ப்பரித்த அந்த ராத்திரியின் கணக்கு இவ்வளவுதான். முதல் நம்பர் இன்னும் ஃபெடரர்தான்.

ஜூலையில் டொரான்டோவில் நடால் ஜெயித்தார். அதே ஊரில் ஃபெடரர் தன் முதல் ஆட்டத்திலேயே ஜில் சிமோனிடம் தோற்றார். அடுத்து சின்சினாட்டியில் கார்லோவிச்சிடம். கணக்குப் புத்தகத்தில் அப்போதுதான் தட்டு சாய்ந்தது. ஆகஸ்ட் 18-ம் தேதி நடால் முதல் நம்பர். ஃபெடரர் தொடர்ந்து 237 வாரம் அந்த இடத்தில் இருந்திருந்தார். நடால் தொடர்ந்து 160 வாரம் இரண்டாம் இடத்தில்.

160 வாரம்! மூன்று வருஷத்துக்கு மேல். நம் வீடுகளில் மூன்று டெர்ம் தொடர்ந்து இரண்டாம் ரேங்க் வாங்கினால் டியூஷன் மாற்றுவோம். “அந்தப் பையனும் சோறுதானே திங்கறான்?” என்ற கேள்வி வரும். இந்தப் பையன் அந்த மூன்று வருஷத்தில் பிரெஞ்சு ஓப்பன்களை வரிசையாக ஜெயித்துக்கொண்டு, தன்னைவிட ஃபெடரர்தான் பெரிய ஆட்டக்காரர் என்று கூச்சமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் நம்பர் ஆனபிறகும் அதையேதான் சொன்னார். சிலர் இதைப் பொய்யான அடக்கம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரேங்க் என்பது கணக்கு, குணம் வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பீஜிங் ஒலிம்பிக்ஸில் ஒற்றையர் தங்கம் நடாலுக்கு. செமி ஃபைனலில் ஜோகோவிச்சை, ஃபைனலில் சிலியின் ஃபெர்னான்டோ கான்சாலஸை ஜெயித்தார். ஃபெடரர் ஒற்றையரில் ஜேம்ஸ் பிளேக்கிடம் தோற்றுவிட்டு, இரட்டையரில் வாவ்ரிங்காவோடு சேர்ந்து தங்கம் வாங்கினார். வழியில் காலிறுதியில் அவர்கள் வெளியேற்றியது நம் பயஸ் - பூபதி ஜோடியை, 6-2, 6-4. நமக்கு வலித்த ஆட்டம்தான். ஆனால் முதல் நம்பர் நாற்காலி போகப்போகிற வாரத்தில், இரட்டையர் தங்கத்துக்காக ஃபெடரர் சின்னப் பிள்ளை மாதிரி கத்திக்கொண்டு ஓடியதைப் பார்த்தபோது கோபம் வரவில்லை.

செப்டம்பரில் யு.எஸ். ஓப்பன். செமி ஃபைனலில் நடாலை ஆண்டி முர்ரே தோற்கடித்தார். மழையால் ஆட்டம் இரண்டு நாள் இழுத்தது. ஃபைனலில் முர்ரேயை ஃபெடரர் நேர் செட்டில் ஜெயித்தார். தொடர்ந்து ஐந்தாவது யு.எஸ். ஓப்பன். ‘மறைந்த சூரியன்’ திங்கட்கிழமை சாயங்காலம் நியூயார்க்கில் தெரிந்தது. எழுதியவர்கள் யாரும் வாபஸ் வாங்கியதாக ஞாபகம் இல்லை.

அந்த வருஷத்தை ‘இருவர்’ கதையாக எழுதியதில் இன்னொரு ஆள் காணாமல் போனதையும் சொல்லவேண்டும். வருஷத்தின் முதல் பெரிய கோப்பையை மெல்போர்னில் வாங்கியவர் ஜோகோவிச். கடைசிப் பெரிய கோப்பையை, நவம்பரில் ஷாங்காய் மாஸ்டர்ஸ் கப்பில், டேவிடென்கோவை ஜெயித்து வாங்கியவரும் ஜோகோவிச். முதல் வரியிலும் கடைசி வரியிலும் இருந்தவரை நாம் நடுவில் காமெடியன் வேஷத்தில் நிறுத்தினோம். மற்ற ஆட்டக்காரர்களை மிமிக்ரி செய்கிறவர், மூச்சு வாங்குகிறது என்று ஆட்டத்தை நிறுத்துகிறவர் என்றுதான் அவரைப் பற்றிப் பேச்சு. நானும் அப்படித்தான் பேசினேன். அவர் 2023-ல் 24 கிராண்ட் ஸ்லாமைத் தொட்டார். நடால் 22-ல் நின்றார், ஃபெடரர் 20-ல். மூன்றாவது ரேங்க் பையனை யாரும் கவனிப்பதில்லை என்பது உலக வழக்கம்.

சரி, நடாலின் வருஷம் எப்படி முடிந்தது? 93 ஆட்டம் ஆடி 82-ல் ஜெயித்து, எட்டுக் கோப்பை வாங்கிய வருஷம் அது. அக்டோபர் கடைசியில் பாரிஸில் டேவிடென்கோவுடன் காலிறுதி. முதல் செட் முடிந்ததும் நடால் கை கொடுத்துவிட்டு வெளியே வந்தார். முழங்கால். ஷாங்காய் போகவில்லை. அர்ஜென்டினாவில் மார் டெல் பிளாட்டா என்ற ஊரில் டேவிஸ் கப் ஃபைனல்; ஸ்பெயினுக்கு அவர்தான் நம்பிக்கை. அங்கேயும் போகவில்லை. லோப்பஸும் வெர்டாஸ்கோவும் போய் ஜெயித்துக் கொடுத்தார்கள். உலகின் முதல் நம்பர், தன் நாடு கோப்பை வாங்கும்போது கூட இல்லை.

முழங்கால் அதோடு விடவில்லை. 2009 மே மாதம், பிரெஞ்சு ஓப்பனில் அதுவரை ஓர் ஆட்டமும் தோற்காதவர் ராபின் சோடர்லிங்கிடம் தோற்றார். அந்த வருஷ விம்பிள்டனில், உலகம் புகழ்ந்த கோப்பையைக் காப்பாற்றக்கூட வரமுடியவில்லை. அந்த இரண்டு கோப்பையையும் ஃபெடரர் எடுத்தார். முதல் நம்பரும் திரும்பிப் போயிற்று. ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. அந்த நாற்காலிக்காக மூன்று வருஷம் காத்திருந்தவர் அதில் உட்கார்ந்தது அவ்வளவு நாள்தான். பிறகு திரும்பப் பிடித்தார், மறுபடி விட்டார், அது வேறு கதை. 2022-ல் பதினாலாவது பிரெஞ்சு ஓப்பனை, பாதத்தில் மரத்துப்போகிற ஊசி போட்டுக்கொண்டு ஜெயித்தார். அதையும் நாம் ‘மன உறுதி’ என்றுதான் எழுதினோம்.

இப்போது நுங்கம்பாக்கத்து கேலரிக்குத் திரும்பலாம்.

ஜனவரி 5 நாலு மணி நேரம். ஜனவரி 6 நின்றுபோன கால். ஜூலை 6 ஐந்து மணி நேரம். அக்டோபரில் நின்றுபோன முழங்கால். வருஷம் முழுவதும் நடக்கப்போவதை முதல் வாரத்திலேயே நம்மூரில் டிரெய்லர் போட்டுக் காட்டிவிட்டார்கள். சனிக்கிழமை எழுந்து நின்று கத்தியதும் நாம்தான், ஞாயிற்றுக்கிழமை “ஆடவே மாட்றான்” என்றதும் நாம்தான். சனிக்கிழமைக்கான பில்தான் ஞாயிற்றுக்கிழமை வந்தது என்று அப்போது தோன்றவில்லை. டிக்கெட் வாங்கியவருக்கு ஆட்டம் பார்க்க உரிமை உண்டு. ஆனால் நான் தலையாட்டினேனே, அது தப்பு. முந்தின நாள் ஆட்டத்தையும் பார்த்தவன் நான்.

டென்னிஸ் காலண்டரைப் போடுகிறவர்களும் தலையாட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். நான்கு வாரத்தில் நான்கு ஊர் என்று நெருக்கியது எந்த ஆட்டக்காரரின் யோசனையும் அல்ல. டி.வி.க்கு ஆட்டம் வேண்டும், ஊர்களுக்கு நட்சத்திரம் வேண்டும், நமக்கு ராத்திரி ஒன்றே முக்கால் வரை சஸ்பென்ஸ் வேண்டும். எல்லோருக்கும் சேர்த்துக் கொடுக்க ஒரு ஜோடி முழங்கால்தான் இருக்கிறது.

ஃபெடரரின் கடைசி ஆட்டம் 2022 செப்டம்பரில் லண்டனில் நடந்தது. இரட்டையர். ஜோடியாக ஆடியவர் நடால். தோற்றார்கள். முடிந்ததும் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் கைபிடித்து உட்கார்ந்து தேம்பியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 209 எடுத்தவரும் 204 எடுத்தவரும். அந்தப் படத்தில் யார் யாரைவிடப் பெரியவர் என்று தெரியவில்லை. 2024 நவம்பரில் ஸ்பெயினின் மலகாவில் நடாலும் ஒரு தோல்வியோடு விடைபெற்றார். சென்னை ஓப்பன் 2017-ஓடு ஊரை விட்டே போய்விட்டது.

பக்கத்து ஃப்ளாட் பையனுக்கு அந்த வருஷம் கேட்ட காலேஜும் கிடைக்கவில்லை, கேட்ட கோர்ஸும் கிடைக்கவில்லை. வேறொன்றில் சேர்ந்தான், படித்தான், இப்போது நன்றாக இருக்கிறான். சமீபத்தில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். முன் நெற்றியில் முடி கொஞ்சம் குறைந்திருந்தது. பேச்சு தானாக அந்த ராத்திரிக்குப் போயிற்று.

“அஞ்சு பாயிண்ட் அங்கிள்!” என்றான், சிரித்துக்கொண்டே.

“உன் பையன் எப்படிப் படிக்கிறான்?” என்று கேட்டேன்.

“போன டெர்ம் செகண்ட் ரேங்க். டியூஷன் மாத்திட்டேன்” என்றான்.